வீட்டில் நடந்த வைத்தியமும் நாட்டுக்கு வேண்டிய பேரேடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் பாட்டும் கூத்தும் பரிசளிப்பும்தான் நினைவுக்கு வரும். அவற்றினிடையே ஒரு நோயைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது சற்றே தயங்கினோம். நாங்கள் மருத்துவம் பயின்றவரல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இட்டார்சி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவர்கள். எனினும், எங்கள் இல்லத்தில் நாற்பது மாதங்கள் ஒரு வைத்தியம் நடைபெற்றது. அதை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். எங்கள் வீட்டுப் பெண்மக்களே. அந்த அனுபவம் இந்தக் காலனியில் வேறொரு குடும்பத்துக்கு உதவக்கூடும் என்று பெரியவர்கள் கூறியபின் மறுக்க மனம் வரவில்லை.

எங்கள் தாயாரை உங்களில் பலர் அறிவீர்கள். மார்கழியில் கோலப்போட்டிக்கு நடுவராக அமர்ந்திருப்பாரே, அவரேதான். பதினெட்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. காலில் வீக்கம் கண்டபோது, தென்னாட்டு நீர் இங்கே கிடைக்காததால் வந்த குறை என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் மூச்சுத் திணறி விழுந்தபின்தான் இரத்தம் சோதிக்கப்பட்டது. இரு சிறுநீரகங்களும் ஏறக்குறைய வேலை நிறுத்தம் செய்துவிட்டன என்று மருத்துவர் கூறினார்.

2020 ஜனவரியில் போபாலில் ஒரு மருத்துவமனையில் இயந்திர டயாலிசிஸ் தொடங்கினோம். இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். வாரம் மும்முறை, முறைக்கு நான்கு மணி நேரம். விடியற்காலை வண்டியில் சென்று இரவு திரும்புவோம். மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் நள்ளிரவு முதல் நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டதை இரயில்வேக் குடும்பத்தாராகிய உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளம் வாசலிலேயே கிடக்கிறது, வண்டி இல்லை. ஆம்புலன்ஸ் சில நாள் கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை. ஒரு முறை தவறினால் அம்மாவின் முகம் வீங்கும். இரு முறை தவறினால் படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். அவ்வாறு ஓர் இரவில், "என்னை வில்லிவாக்கத்துக்கே கொண்டுபோய்விடு, அங்கேயாவது ஊர்க்காற்றில் போகிறேன்" என்றார். அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் உறங்கவில்லை.

இந்த நிலையில்தான் மருத்துவர் வேறொரு வழியைக் கூறினார். அதன் பெயர் பெரிட்டோனியல் டயாலிசிஸ். நோயாளிகள் பேச்சு வழக்கில் இதைச் 'சி.ஏ.பி.டி.' என்றும், 'பை மாற்றுவது' என்றும் வழங்குவர்.

வயிற்றினுள் குடல் முதலிய உறுப்புகளைப் போர்த்தியவாறு ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. நுண்ணிய இரத்தக்குழாய்கள் அதில் நிறைந்துள்ளன. வயிற்றில் ஒரு மென்மையான குழாயைப் பொருத்தி, அதன் வழியே சர்க்கரைச் சத்துக் கலந்த தூய நீரை இரண்டு லிட்டர் உள்ளே விட்டுவிடுகிறார்கள். நான்கைந்து மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள கழிவுகள் சவ்வைக் கடந்து அந்த நீரில் சேர்கின்றன. மிகுதியான நீரையும் அந்தச் சர்க்கரை இழுத்துக்கொள்கிறது. பின்னர் அதை வடித்துவிட்டுப் புதிய நீரை விட வேண்டும். இவ்வாறு நாளொன்றுக்கு நான்கு முறை. ஒவ்வொரு முறைக்கும் அரைமணி அல்லது முக்கால்மணி போதும். இயந்திரம் வேண்டுவதில்லை, இரத்தத்தை வெளியே எடுப்பதில்லை, போபாலுக்குப் போக வேண்டுவதும் இல்லை.

இது நேற்று முளைத்த முறையன்று. 1923-இல் ஜெர்மனியில் கான்டர் என்பவர் மனிதருக்கு இதைச் செய்து பார்த்தார். 1968-இல் டென்காஃப் என்பவர் நெடுநாள் வயிற்றில் தங்கக்கூடிய குழாயை உருவாக்கினார். 1976-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பொப்போவிச், மான்கிரீஃப் என்னும் இருவர் நோயாளி நடமாடிக்கொண்டே இதைச் செய்யலாம் என்று காட்டினர். நம் நாட்டில் இது தொடங்கியது 1991-இல். ஹாங்காங்கில் 1985 முதலே இதற்கு முதலிடம் கொடுக்கப்பட்டது. தாய்லாந்து அரசு 2008-இல் இதனையே முதல் முறையாகக் கொண்டு ஏழை நோயாளிகளுக்கு உதவத் தொடங்கியது.

2020 மே மாதம் அம்மாவுக்குக் குழாய் பொருத்தப்பட்டது. எங்கள் மனைவியும் மகளும் ஒரு வாரம் பயிற்சி பெற்றனர். வீட்டின் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, வயிற்று நீர்ப்பையைத் தொங்கவிட ஓர் ஆணி அடித்தோம். மாதத்துக்கு 120 பைகள். பை ஒன்றுக்கு இரண்டு லிட்டர். கூட்டினால் 240 லிட்டர். பார்சல் அலுவலகத்துக் கண்ணுக்கு அது கால் டன் சரக்கு! முன்னறையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கியபோது விருந்தினர் உட்கார இடமில்லை. பெட்டிகளின் மேலேயே ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தோம்.

இது நலிவில்லாத முறை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த நீரிலுள்ள சர்க்கரை உடலிலும் சேரும். ஆகவே சர்க்கரை நோயாளிக்கு மருந்தளவைத் திருத்த வேண்டியிருக்கும். வடியும் நீரோடு நாள்தோறும் சில கிராம் புரதமும் போய்விடும்; அதை உணவில் ஈடுகட்ட வேண்டும். யாவற்றிலும் பெரிய பகை கிருமி. கை கழுவாமலோ, முகத்திரை அணியாமலோ, மின்விசிறி சுழல்கையிலோ பையை இணைத்தால் கிருமி வயிற்றுள் புகும். அதனால் வரும் சவ்வழற்சி உயிருக்கே உலை வைக்கும்.

எங்கள் வீட்டிலும் அது ஒரு முறை வந்தது. 2021-ஆம் ஆண்டு மே மாத வெயில் எப்படி இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அன்று நண்பகல் பை மாற்றும்போது, அம்மாவுக்கு வியர்க்கிறதே என்று நாங்கள்தான் விசிறியைப் போட்டோம். மனைவி தடுத்தார், "இரண்டு நிமிடந்தானே" என்றோம். மறுநாள் விடியலில் வடிந்த நீர் அரிசி களைந்த நீர்போல் இருந்தது. பையின் பின்னால் நாட்காட்டித் தாளை வைத்துப் பார்த்தாள் மகள். எழுத்துத் தெரியவில்லை. பயிற்சியில் சொல்லித்தந்த சோதனை அதுதான். எழுத்துத் தெரிந்தால் நன்று. தெரியாவிட்டால் உடனே புறப்படு. அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு ஓடினோம். வடிநீரில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன. பைநீரிலேயே மருந்தைக் கலந்து இரு வாரங்கள் செலுத்தினர். அம்மா பிழைத்தார். பிழை எங்களுடையது, துன்பம் அவருடையது. அதன்பின் அந்த அறையின் விசிறியைக் கழற்றியே வைத்துவிட்டோம்.

அன்பர்களே! இதுவரை சொன்னது ஒரு வீட்டுக் கதை. இனிச் சொல்ல வருவது நாட்டுக் கணக்கு.

இவ்வகை வைத்தியத்தின் விளைவை மூன்று கேள்விகளால் அளக்கின்றனர். நோயாளி எத்தனை ஆண்டு உயிர் வாழ்ந்தார்? இந்த முறையிலேயே எத்தனை காலம் நீடித்தார்? சவ்வழற்சி எத்தனை முறை வந்தது? மூன்றாவது கேள்விக்கு ஒரு சிறு கணக்குப் போதும். பத்து நோயாளிகள் ஓராண்டு முழுதும் பை மாற்றினால் பத்து நோயாளி-ஆண்டுகள். அவர்களுக்குள் நான்கு முறை சவ்வழற்சி வந்தால் விகிதம் 0.40. பன்னாட்டுப் பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, இந்த 0.40-ஐ எந்த நிலையமும் தாண்டலாகாது என்கிறது. எங்கள் தாயாருக்கு நாற்பது மாதத்தில் ஒரு முறை, ஆண்டுக்கு 0.30. எங்கள் வீட்டுப் பின்னறை பன்னாட்டு வரம்புக்குள் நின்றது என்று சொல்லிக்கொள்வதில் எங்கள் மனைவிக்கு ஒரு பெருமை உண்டு. விசிறியைப் போட்ட எங்களுக்கு அதில் பங்கில்லை!

இயந்திர டயாலிசிஸ் சிறந்ததா, இது சிறந்ததா என்று பலர் எங்களை வினவுவர். அமெரிக்கா, கனடா, டென்மார்க்கு முதலிய நாடுகள் தங்கள் பேரேடுகளைக்கொண்டு இதை ஆராய்ந்துள்ளன. மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒத்த ஆயுளையே தருகின்றன என்பது முடிவு. முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் வயிற்று முறை சற்று முந்தி நிற்பதைச் சில ஆய்வுகள் காட்டின. முதுமையும் சர்க்கரை நோயும் சேர்ந்தவர்களுக்கு இயந்திர முறை சற்று நலம் என்று காட்டியவையும் உண்டு. ஆதலின், ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தும் என்று எண்ணலாகாது. வீட்டின் நிலை, உதவுவோரின் கை, நிலையத்தின் தொலைவு யாவும் எண்ணி முடிவு செய்ய வேண்டும்.

நம் பாரத நாட்டின் கணக்கு எவ்வாறு உள்ளது? 2005-இல் சிறுநீரக மருத்துவர்களின் சங்கம் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ஒரு பதிவேடு தொடங்கியது. மருத்துவமனைகள் தாமே விரும்பி எழுதி அனுப்பியவை அதில் சேர்ந்தன. 2012-இல் வெளிவந்த அதன் அறிக்கையில் 52,273 நோயாளிகளின் விவரம் இருந்தது. அவர்களில் நூற்றுக்கு 31 பேருக்குச் சர்க்கரை நோயே காரணம். ஏறத்தாழப் பாதிப்பேர், அஃதாவது நூற்றுக்கு 48 பேர், ஐந்தாம் நிலையாகிய இறுதி நிலையில்தான் மருத்துவரிடம் வந்து சேர்ந்தனர். எங்கள் தாயாரைப் போலவே! அந்த இறுதி நிலையினருள் நூற்றுக்கு 61 பேர் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ எதுவும் பெறவில்லை. 32 பேர் இயந்திர முறையிலும், 5 பேர் மட்டுமே வயிற்று முறையிலும் இருந்தனர்.

ஆண்டுதோறும் சுமார் 2.2 இலட்சம் புதிய நோயாளிகள் இறுதி நிலையை அடைகின்றனர் என்று மைய அரசு 2016-இல் கூறியது. அவ்வாண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இயந்திர டயாலிசிஸ் அளிக்க வழி பிறந்தது. வயிற்று முறையையும் அதில் சேர்ப்பதற்கான நெறிமுறைகள் 2019-இல் வெளிவந்தன. இவை நல்ல தொடக்கங்களே.

ஆயினும், எங்கள் அலுவலக அனுபவத்தைக் கொண்டு ஒரு குறையைச் சொல்ல அனுமதியுங்கள். பார்சல் அலுவலகத்தில் இரண்டு பேரேடுகள் உண்டு. ஒன்று புக்கிங்குப் பேரேடு; மற்றொன்று டெலிவரிப் பேரேடு. ஏற்றிய மூட்டைக்கு இறக்கிய இடத்தில் வரவு வைக்காவிட்டால், அது போய்ச் சேர்ந்ததா, வழியில் கெட்டதா, களவு போனதா என்பது தெரியாது. 2005-இல் தொடங்கிய பதிவேடு நோயாளி வந்து சேர்ந்த நிலையை எழுதியது. பின்னர் அவர் என்ன ஆனார் என்பதைத் தொடர்ந்து எழுதவில்லை. தனித்தனி மருத்துவமனைகள் தம் நோயாளிகளின் விளைவை அவ்வப்போது வெளியிடுகின்றன. நாடு முழுவதற்குமான டெலிவரிப் பேரேடு இன்னும் நிறைவாக எழுதப்படவில்லை.

எழுதினால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தும் பேரேட்டைப் பாருங்கள். அங்கே டயாலிசிஸ் பெறும் ஒவ்வொருவரும் எழுதப்படுகின்றனர். ஒரே நாட்டில் சில நிலையங்களில் சவ்வழற்சி மற்றவற்றைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது அந்தப் பேரேட்டால்தான் வெளிப்பட்டது. வெளிப்பட்டபின் மருத்துவர்கள் வெட்கினர், பயிற்சியைத் திருத்தினர், பின்வந்த ஆண்டுகளில் நோய்த்தொற்றுக் குறைந்தது. எழுதாத பிழையைத் திருத்த எவராலும் இயலாது.

மற்றொரு நுட்பமும் உண்டு. நம் நாட்டில் இயந்திர முறைக்கு உடல் தாங்காத முதியோரும், நாங்கள் போனதுபோல் வேறு வழியற்றவருமே பலவேளை வயிற்று முறைக்கு வருகின்றனர். அவர்கள் விரைவில் இறந்தால் பழி முறையின்மேல் விழுகிறது. பணம் தீர்ந்து பை வாங்குவதை நிறுத்தியவரும் 'முறையை விட்டவர்' என்றே கணக்காகிறார். போபாலில் எங்களோடு காத்திருந்த தையற்காரர் ஒருவர் அவ்வாறே நின்றார். பணியாளர் குடும்பம் என்ற முறையில் எங்களுக்கு இருந்த காப்பு அவருக்கு இல்லை. வந்தவர் எந்த நிலையில் வந்தார், நின்றவர் எதனால் நின்றார் என்று எழுதினாலன்றி நோயின் குற்றம் எது, வறுமையின் குற்றம் எது என்று பிரித்தறிய முடியாது.

எங்கள் தாயார் 2023 செப்டம்பரில், உறக்கத்தில், இதயம் நின்று காலமானார். நாற்பது மாதங்கள், நாலாயிரத்து எண்ணூறு முறைக்கு மேல் பை மாற்றினோம். அதற்குள் பேத்தி பள்ளியிறுதித் தேர்வில் வென்றதைக் கண்டார். இரு மார்கழிகளில் நாற்காலியில் அமர்ந்தபடியே உங்கள் கோலங்களுக்கு மதிப்பெண் இட்டார். கருமங்கள் முடிந்தபின், எஞ்சிய பைகளைத் திருப்பித்தர நாங்கள் மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அம்மாவின் பெயரும் குழாய் பொருத்திய தேதியும் அதில் இருந்தன. அதற்கு எதிரே 'விளைவு' என்ற கட்டம் வெறுமையாய்க் கிடந்தது. அவர் பெயருக்கு மேலும் கீழும் அதே கட்டம் வெறுமையாகவே இருந்தது. அங்கிருந்த செவிலியின்மேல் குறை இல்லை. ஒருவரே மூவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அனுமதி பெற்று, எங்கள் கைப்படவே தேதியையும் காரணத்தையும் எழுதினோம். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேரேடு எழுதிய கை, அன்றைக்குத்தான் நடுங்கிற்று.

வள்ளுவர் பெருமான் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் வைத்தியத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். வயிற்று முறையில் அந்த நான்காமவரே பெருஞ்சுமையைச் சுமக்கிறார். எங்கள் மாமனார் காலமானபோது மனைவி விழுப்புரம் செல்ல வேண்டியிருந்தது. மகளுக்கோ தேர்வு. எதிர் வீட்டு அம்மையார் தாமாகவே வந்து, "அக்கா, நீங்க போயிட்டு வாங்க, எனக்குச் சொல்லிக்கொடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். மூன்று நாள் கற்றுக்கொண்டு பத்து நாள் செய்தார். அவர் இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லலாகாது என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். ஆகவே வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

முடிவாக, மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறுநீரில் ஆல்புமினையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் சோதித்துக்கொள்ளுங்கள். கால் வீங்கும் வரை காத்திராதீர்கள். நாங்கள் காத்திருந்து கெட்டோம்.

இரண்டு: சிறுநீரகம் பழுதுற்றது என்று மருத்துவர் சொன்னால், மாற்றுச் சிறுநீரகம், இயந்திர முறை, வயிற்று முறை மூன்றையும் பற்றிக் கேளுங்கள். உங்கள் நிலையத்தில் சவ்வழற்சி விகிதம் எவ்வளவு என்றும் அஞ்சாமல் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் எழுதுபவர் இருப்பார். வீட்டிலும் ஒரு நோட்டு வைத்து, உள்ளே விட்ட நீர், வடிந்த நீர், எடை ஆகியவற்றை நாள்தோறும் குறியுங்கள்.

மூன்று: நம் சங்கத்தில் இரத்த தானம் செய்வோர் பட்டியல் இருக்கிறது. அதுபோலவே, பை மாற்றக் கற்றுக்கொள்ள விரும்புவோர் பட்டியல் ஒன்றும் தொடங்குவோம். ஐந்து பேர் போதும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தாலும் அதுவும் மருந்தே. அப்பட்டியலின் முதல் வரியில் எங்கள் மனைவி பெயரை அவரே எழுதியிருக்கிறார். நோட்டு வாசலில் செயலாளர் மேசைமேல் இருக்கிறது.